தாளில் இல்லாதது

ப்ளைனாவ் ஃபெஸ்டினியோக்கில் இந்த வாரமும் மழை.
அடுத்த வாரமும்தான்.
கற்பலகைக் குவியலின் அடிவாரத்தில், வரிசை வீடுகளில்
பதினோராம் எண்.
முன்னறையில் சாப்பாட்டு மேசை இல்லை இப்போது,
கம்பளத்தில் அதன் நாலு கால் தடம் மட்டும்.
தடத்தின் மேல் மருத்துவமனைக் கட்டில்.
கட்டில் வந்துவிட்டது.
எம்லின் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மெரெரிட் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்:
கட்டில் மோட்டார். காற்று மெத்தைக்குப் பம்ப்.
ஆக்ஸிஜன் எந்திரம். விளக்கு.
அறைக்கு இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட்,
அதுவும் டிவிக்குப் பின்னால்.
அதில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் வாலில் இன்னொன்று.
"இப்படியே விட்டால் என்ன?"
சூடேறிய ஒயரையும் ஆக்ஸிஜனையும்
ஒரே அறையில் படுக்க வைக்க மாட்டேன் என்றேன்.

சுவரை வெட்டிப் புதைக்கலாம்.
ஆனால் இது சுவர் இல்லை, மலை.
இரண்டடிக் கல்.
ஒன்றைத் தொட்டால் மூன்று நகரும்.
போதாக்குறைக்கு மேலே ஒட்டுக்காகிதம்,
பழுப்புக் கொடியும் நீலப் பறவையும்.
எம்லின் ஒட்டியது. ஓரிடத்தில்
ஒரு துண்டு தலைகீழ்.
"அதைக் கிழித்தால் அவர் வீட்டுக்கே வர மாட்டார்."

ஆகவே கேசிங்.
சுவரின் மேலேயே ஓடும் வெள்ளைப் பட்டி.
தெரியும்தான்.
தெரிவது ஒழுங்காகத் தெரியட்டும்.
பின்புறப் பசையை நம்பி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.
ஒரு குளிர்காலம் தாங்கும், பிறகு
நள்ளிரவில் காகிதத்தோடு உரிந்து தொங்கும்.
நான் திருகாணிக்காரன்.

மெயினை அணைத்தேன். சோதித்தேன்.
மறுபடியும் சோதித்தேன்.
அடுக்களையில் ஃபிரிட்ஜ் ஒரு பெருமூச்சோடு அடங்கியது.

ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது. கோடு கிழித்தேன்.
மூன்றடி பின்னால் வந்து பார்த்தால்
கோணல்.
கையிலும் பிழையில்லை, குமிழியிலும் இல்லை.
வீடு நூற்றிருபது வருஷமாகச் சுரங்கத்துப் பக்கம் சாய்கிறது.
தரையோரப் பலகை சாய்கிறது, சன்னல் சாய்கிறது,
பறவைகள் அந்தப் பக்கமாகவே பறக்கின்றன.
நான் மட்டும் நேராக நின்றால்
குடும்பப் படத்தில் புகுந்த வரி வசூல்காரன் மாதிரி இருக்கும்.
ரசமட்டத்தைப் பையில் போட்டேன்.
பலகைக்கு மேலே இரண்டு சாண்,
கடைசிவரை அதே இரண்டு சாண்.
சான்றிதழில் இதற்குக் கட்டம் கிடையாது.

கணப்படுப்பின் மூலையில்
நாற்பத்தைந்து பாகையில் அறுக்க வேண்டும்.
முதல் துண்டு மயிரிழை குட்டை. குப்பைக்கு.
இரண்டாவது போய் உட்கார்ந்தது.
முழங்காலிட்டுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்
அங்கே ஒரு கோடு உண்டு, இடைவெளி இல்லை என்று.
சாம்பல் கேபிளை உள்ளே கிடத்தி
மூடியை அழுத்திக்கொண்டே போனேன்:
டக், டக், டக்,
அறையின் நீளத்துக்கு.

மெரெரிட் திடீரென்று சிரித்தார்.
தலைகீழ்த் துண்டின் பறவைகள் சரியாகப் பட்டிக்குக் கீழே.
"பாருங்கள், கம்பியைப் பிடித்துத் தொங்குகின்றன.
இருபது வருஷம் கழித்து
அந்த மனுஷனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது."

நான்கும் முடிந்து கருவிகளை அடுக்கும்போதுதான் பார்த்தேன்,
கட்டிலின் மறுபக்கம் ஒரு நாற்காலி.
அதில் மாடியிலிருந்து இறக்கிய தலையணை,
மடித்த போர்வை, ஒரு ரேடியோ.
"அங்கே எதுவும் வேண்டாமா?"
"எதற்கு? என் பேரில்
எந்திரம் எதுவும் எழுதித் தரவில்லையே."

வேனில் ஒன்றரை மீட்டர் மிச்சம் கிடந்தது.
நாற்காலியில் நானே உட்கார்ந்து
கை எட்டும் இடத்தைக் குறித்தேன்.

பில்லில் ஐந்து என்றே போட்டேன்.
இனாம் என்றிருந்தால்
அவர் அதில் எதையும் சொருகியிருக்க மாட்டார்.

சொருகினார். ஹேர் டிரையர்.
மழையில் நனைந்த என் சட்டைக்கை
சுவரில் வைத்துவிட்ட ஈரத்தை
ஒவ்வொரு பறவையாக
உலர்த்திக்கொண்டு போனார்.