கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்

கொரடாச்சேரி ரயில்வே கேட் ஓரம்
சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு.
"இதான் தரை" என்றான் மரியசெல்வம்.

கோட்டின் தடிப்பு ஒரு விரல்.
குறுவை, சம்பா, தாளடி
எல்லா வேரும் அதற்குள்ளேயே முடிந்துவிட்டன.
மூக்கையன் கடன்பட்டு இறக்கிய முந்நூறடி போர்
அரைச் சாண்.
நாங்கள் இருவரும் எட்டு மாதம்
ராப்பகலாய்ச் சேறு கலக்கித் துளைத்த எண்ணெய்க் கிணறு
நாலே எட்டு.
அங்கே நின்று பீடி பற்றவைத்தான்.
"இதுக்கா ஓவர்டைம் பார்த்தோம்?"

டீக்கடை பெஞ்சை எட்டுமுன்
மேலோடு தீர்ந்தது.
அப்புறம் ஸ்கூட்டர்தான்.
கவசம், கவசம், இன்னும் கவசம்,
ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம்,
மறுபடி கவசம்.
மூன்று கிலோமீட்டர் ஆகப்போகும்போது
உருகிய இரும்பு தொடங்கியது.
வாய்க்காலில் எருமைகள்
கழுத்தளவு நின்று அசைபோட்டன.

மையம்
யாருடைய தாளடி நாற்றங்காலிலோ போய் விழுந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம்.
இங்கே எடையே கிடையாது,
எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு என்றேன்.
முழங்கால்வரை புதைந்தபடி
தலையாட்டினான்.
"நாத்து மிதிபடுது, ஏறுங்கய்யா"
வரப்பிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.
பூமியின் நடுவிலிருந்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினோம்.

திரும்பி வந்தால் கோட்டைக் காணோம்.
அறுவடை இயந்திரம் ஒன்று கேட்டைத் தாண்டி
மன்னார்குடிப் பக்கம் போயிருந்தது,
டயரில் ஒட்டிய
மூன்று போகத்தோடு.