மூதூரில் இறங்கி மாறவும்

அப்படியொரு கப்பல் இல்லை.
அது முதல் நாளே தெரிந்துபோன விஷயம்.
இருந்தும் காணிப் பதிவுக் கந்தோரின் பின்னறையில்
சாப்பாட்டுப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு
நானும் நஸ்லியாவும் அற்லஸை விரித்தோம்.

திருகோணமலை. போட் பிளேயர். பினாங்கு.
மூன்றும் தீவில் இருக்கிற ஊர்கள்.
"நாங்களுமா?" என்றார் பியோன் அருட்குமரன்.
கண்டிக்கு பஸ் பிடித்தே பழகிய ஆட்களுக்கு
அது மறந்துதான் போகிறது.

அவளுடைய மகளின் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய
சிவப்பு நூலை நனைத்துக் கடலில் படுக்கவைத்தோம்.
அடிமட்டத்தில் எழுநூற்றுச் சொச்சம் கடல்மைல்.
பதினாலு நொட் ஓடினால்
இரண்டு பகல், இரண்டு இரவு,
கூட இரண்டு மணித்தியாலம்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை எங்கே வைப்பதென்று
ஒரு கிழமை சண்டை பிடித்தோம்.
விடிய ஆறுக்கு இறங்கவேணும் என்றாள்.
இருட்டில் முதல் பார்த்த ஊர்
கடைசி வரைக்கும் பொய் சொல்லுமாம்.
சரி, அப்போ இங்கிருந்து நாலு மணிக்கு,
மீன் லொறிகள் ஐஸ் ஏற்றுகிற நேரத்தில்.

காற்றுத்தான் பெரிய தலையிடி.
கச்சான் அடிக்கையில் எங்கள் குடா கண்ணாடி,
அந்தமான் பக்கம் அப்போதுதான் கொந்தளிக்கும்.
வாடை தொடங்கினால் இங்கே வள்ளங்கள் கரையில்.
முகம் பார்க்காத இரண்டு சொந்தங்களை
ஒரே கலியாணத்துக்கு அழைக்கிற வேலை.
பங்குனியில் மூன்று கிழமை மிஞ்சியது.
அதற்குள்ளே காலாண்டு அறிக்கை,
என் மாமனாரின் திவசம்,
நோன்பு.
நோன்பு பங்குனியை விட்டு எந்த வருஷம் விலகும் என்று
நஸ்லியா விரல்விட்டுப் பார்த்தாள்,
அந்த வருஷத்தை வட்டமிட்டாள்.

செலவுக் கொப்பியில் அவளுடைய எழுத்தில்
தேசிக்காய் என்று ஒரு வரி,
கீழே இரண்டு கோடு.
ஏனென்று நான் கேட்கவில்லை.
அரியதரத்தையும் பாயையும் பற்றி
யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழன் பின்னேரம் ஒத்திகை.
இரண்டு இரவுக்கான உடுப்பு, பிளாஸ்க்,
சுருட்டிய பாய், பூட்டுப் போட்ட பெட்டி.
இறங்குதுறையில் சீட்டுக் கிழிக்கிறவர்
எங்களை மேலும் கீழும் பார்த்தார்.
"எங்க, மூட்டை முடிச்சோட?"
"போட் பிளேயருக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"மூதூரில இறங்கி மாறுங்க."

லோஞ்ச் உதறிக்கொண்டு கிளம்பியது.
நான் எல்லாவற்றையும் காட்டினேன்:
மாவு ஆலை, காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள்,
பின்னால் சிறுத்துப்போகிற கோணேசர் மலை,
இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்திராத அதன் முதுகு.
பதில் இல்லை.

நஸ்லியா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.
உள்ளங்கையில் நசுங்கிய தேசிக்காய்.
மகாவலித் தண்ணீர் கடலை மண்ணிறமாக்குகிற இடத்தில்
லோஞ்ச் ஒருமுறை குதித்து விழுந்தது.
இயந்திரக்காரர் ஹயாத்து
ஆணியில் தொங்கிய ஒரு பையை
பார்க்காமலே அவள் மடியில் போட்டார்.
அது அவளுடைய ஆணியாம்.

"பாலங்கள் வந்த புறகு
கந்தோர் ஆக்கள் எல்லாம் பஸ்தானே" என்றார் என்னிடம்,
இயந்திரத்துக்கு மேலால் கத்தி.
"இந்த மிஸ்ஸும் பஸ்தான்.
கார்த்திகையிலிருந்துதான் இதில வாறா.
ஆக மோசமான காத்துக்கு."

கார்த்திகை.
அற்லஸ் வாங்கியது
கார்த்திகை சம்பளத்தில்.

கரை தெரிந்த பிறகு அவள் வாயைத் துடைத்தாள்,
மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
"இண்டைக்கு நாப்பத்திரெண்டு நிமிசம் தாங்கின நான்.
மொத மாசம் பதினெட்டு."
பிறகு, கொஞ்சம் கோபமாக:
"அம்பது மணித்தியாலம் எண்டா சும்மாவா, புள்ள?"

மூதூரில் பெட்டியை நான் இறக்கினேன்,
பாயை ஹயாத்து எறிந்தார்.
மாறுவதற்கு
ஒரு ஓட்டோ நின்றது.