வலது கோட்டோரம்

முகம் எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.
முதுகு தெரியும்.
இடது தோளுக்குக் கீழே
கார்டிங் மிஷின் கடித்த தழும்பு,
பனியனில் வரப்புப்போல் காய்ந்த வேர்வை உப்பு,
திரும்புவதற்கு முன்னால் ஒரு நொடி
மண்ணை அழுத்தும் வலது குதிகால்.
பதினோரு வருசம்
சென்னியப்பனை நான் பார்த்ததெல்லாம்
பின்னாலிருந்துதான்.

அவன் ரங்கவேணி மில்லுக்கு ரைட் அவுட்.
நான் வேலாத்தாள் மில்லுக்கு லெஃப்ட் பேக்.
சிங்காநல்லூர்க் குளத்துக்குத் தெற்கே
இரண்டு மில்லுக்கும் பொதுவாக ஒரு பொட்டல்.
காலையில் எருமை மேயும்.
ஞாயிறு சாயங்காலம் சுண்ணாம்புக் கோடு விழும்.

சூலூர்ப் பக்கமிருந்து பதிலி வேலைக்கு வந்தவன்.
கேட்டருகே நாற்பது பேரோடு நின்று
பேர் விழாத நாளெல்லாம் நடந்தே திரும்பினவன்.
சுதந்திரத்துக்கு முந்தின வருசம்
ஆள் குறைந்த ஓர் ஆட்டத்தில்
வேட்டியை வாரிக் கட்டி இறங்கினான்.
மூன்று கோல்.
மூன்றும் என்னைத் தாண்டி.
திங்கள் காலை சங்கு ஊதும்போது
அவன் கையில் நிரந்தர டோக்கன்.
அந்த உத்தியோகம்
நான் வாங்கிக் கொடுத்தது என்று
டீக்கடையில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

கோட்டுக்கு உள்ளேயும் ஓட மாட்டான்
வெளியேயும் ஓட மாட்டான்.
கோட்டின் மேலேயே ஓடுவான்.
ஆட்டம் முடிந்தால் வலது பாதம் மட்டும்
வெள்ளை வெளேரென்று இருக்கும்.
நான் உள்பக்கம் மறிப்பேன்.
குந்தியிருக்கும் கூட்டத்தின் கால்விரலுக்கும் எனக்கும் நடுவே
ஒரு சாண் இடம் இருக்கும்.
அது போதும் அவனுக்கு.
"அந்தச் செவலையப் புடிங்கடா!"
எங்கள் ஆட்கள் கத்துவார்கள்.
புடிக்கிறதாம்!
கயிறு இருந்ததா என்னிடம்?

கோலுக்கு எட்டணா,
மழையில் போட்டால் கூட இரண்டு முட்டை.
நூற்றி நாற்பதோ என்னவோ போட்டதாகச் சொல்வார்கள்.
அவர்கள் மில்லில் அவன் பேரில் எழுதினார்கள்.
எங்கள் மில்லில்
என் பேரில்.

பிறகு சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி
இனி பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்றார்கள்.
அவர்கள் மில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தது.
அகலத்துக்குப் பார்த்து எடுத்ததில்
நீளம் மிஞ்சிவிட்டது.
முன்னால் பஞ்சுக் கழிவை அடைத்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு அவன் ஓடியதை
எனக்குக் காதால்தான் தெரியும்.
அதுவரை சத்தமே இருந்ததில்லை.
இப்போது டக், டக் என்று
கல்லுப் பாதையில் லாடம் அடித்த மாடு.
குதிகால் அழுந்தியது.
திரும்பினான், மெதுவாக,
பெரிய வண்டி திரும்புவது போல.
நான் காலை நீட்டினேன்.
பந்து என்னிடம் நின்றது.

அதற்கப்புறம் என்ன செய்வதென்று
நான் ஒருநாளும் யோசித்ததில்லை.
சும்மா நின்றேன்.
எங்கள் ஆட்கள் வேட்டியைச் சுழற்றிக் கூத்தாடினார்கள்.
யாரோ ஒரு தேங்காயை உடைத்தான்.
வெளியே உதைத்துவிட்டேன்,
கூட்டத்தைத் தாண்டி, குளத்தை நோக்கி.

சென்னியப்பன் கோட்டின் மேலேயே உட்கார்ந்தான்,
முதுகை எனக்குக் காட்டி.
கயிற்றை அவிழ்த்தான். பஞ்சை எடுத்தான்.
கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்து
காற்றில் விட்டான்.
பூட்ஸை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு நடந்தான்.
ரெஃப்ரி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு வேறொரு பையன்.
ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.
சுலபம்.
இரண்டு மாசத்தில் எனக்கும் ஆட்டம் சலித்துவிட்டது,
முட்டி வலி என்று எழுதிக் கொடுத்தேன்.

போன ஆடி மாசம், திருச்சி ரோட்டில்,
பஸ் ஜன்னலோரம் இருந்தேன்.
முன்னால் ஒரு சைக்கிள், எதிர்க்காற்றில்.
ஹேண்டில் பாரில் தூக்குப் போசி ஆடிக்கொண்டிருந்தது.
முடி நரைத்திருந்தது.
ஆனால் அந்த முதுகு.
பெடலில் வெறுங்கால்.
ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தான்.

பஸ் அவனை முந்தியது.
கழுத்தைத் திருப்பியிருந்தால்
முகத்தைப் பார்த்திருக்கலாம்.
நான் நேரே டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு
ஒண்டிப்புதூர் வரைக்கும் போனேன்.