தயிர்சாதம் என்றேன்

ஏழாம் மாதம்.
காரமே ஆகாதென்று நர்ஸ் சொல்லவில்லை;
நெஞ்செரிந்தால் குறைத்துக்கொள் என்றாள், அவ்வளவுதான்.
ஆகாதென்றது மாமியார்.
இரண்டு மாதமாய் எனக்குச் சப்பென்ற பருப்பு.

அவர் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளியோடு போன பகலில்
அம்மியில் பதினோரு பச்சைமிளகாய்,
கல்லுப்பு, பூண்டு, சுட்ட தக்காளி ஒன்று.
சூடாறாத களியைக் குழித்து
அதில் ஊற்றினேன்.

நாலாவது உருண்டையில் போன்.
பெங்களூரிலிருந்து முனிரத்தினம்.
"சாப்பிட்டியா?"
"தயிர்சாதம்" என்றேன்.
மூக்கு ஒழுகியது. உஸ் உஸ்ஸென்று
காற்றை உள்ளே இழுத்தேன்.

"அழறியா?"

அந்தப் பக்கம் கலவை மிஷின் நின்றுபோனது.
"அழாதே. சனிக்கிழமை வந்துடறேன்."

மூன்று மாசமாய் வராத சனிக்கிழமை.

வயிற்றுக்குள் ஓர் உதை.
சொல்லிவிடு என்றா, சொல்லிவிடாதே என்றா?
இன்னொரு முறை மூக்கை உறிஞ்சினேன்,
கொஞ்சம் சத்தமாக.