தொண்ணூற்று நான்கு பேர்

மழை. மன்ற அறையில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்கிறது.
பதினொரு பேரில் ஒருவரும் மேலங்கியைக் கழற்றவில்லை.
நான் செயலாளர். வாக்கு எனக்கில்லை,
பேனா இருக்கிறது.

இன்றைய பொருள் ஒன்றே:
தொண்ணூற்று நான்கு பேர் உள்ள பிரெவின்யி
ஆற்றுக்கு அக்கரை மொர்வாலோடு
இணைவதா, வேண்டாமா.

மொர்வால் என்றதும் ஆன்செல்ம் மூக்கை உறிஞ்சுகிறார்.
1836இல் நம் ஓக் மரங்கள் நாற்பதை
வெட்டிக்கொண்டு போனவர்கள் அல்லவா.
கேட்டால் நேற்று மாலை நடந்ததுபோல் சொல்வார்,
கோடரிச் சத்தம் உட்பட.

குறிப்பேடுகள் என் முதுகுக்குப் பின்னால்.
எலி தின்றது போக மிச்சமெல்லாம் படித்திருக்கிறேன்.
இரண்டு மணிகளில் ஒன்றைப் பீரங்கிக்கு உருக்கக் கொடுத்த ஆண்டு,
"கொடுத்தது சிறியதைத்தான்" என்று ஓரத்தில் யாரோ கிறுக்கியிருக்கிறார்.
பள்ளிக்கூடம் கட்டியபோது
அதன் வாசல் தேவாலயத்தைப் பார்க்கக் கூடாதென்று
மூன்று கூட்டம் சண்டை.
போருக்குப் பின் கல்லில் பதினாறு பெயர்;
எழுத்துக்கு இவ்வளவு என்று கல்தச்சன் கூலி சொல்ல,
பெயர்களைச் சுருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.
கேட்டவர் யார் என்பது அடிக்கப்பட்டிருக்கிறது,
அழுத்தி, தாள் கிழியும்வரை.

1944 ஜூனுக்கு ஒரே வரி:
பதிவு செய்ய ஏதுமில்லை.
அந்த மாதம் பேக்கரிக் கணக்கில் மாவு இரட்டிப்பு.
யார் தின்றார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

மேயர் கிஸ்லேன் பேசுகிறார்:
சாலை, குப்பை வண்டி, கடன்,
ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பஸ்.
"புதுப் பெயரில் யார் முன்னால்?" ஆட்டுப்பால் சீஸ் விற்கும் ரெழீஸ்.
"அகர வரிசை."
நாங்கள்தான் முன்னால் என்று கணக்குப் போட
எல்லோருக்கும் ஒரு நிமிடம் ஆனது.

வாக்கு. ஆறு, ஐந்து.
ஆன்செல்மின் கை ஆதரவாக எழுந்ததை
யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
மகளை மொர்வாலில் கட்டிக்கொடுத்திருக்கிறார்; அதற்காக இருக்கலாம்.
அல்லது அந்த ஓக் மரங்களுக்காக:
ஒரே ஊர் ஆகிவிட்டால் அவை
எங்கேயும் போகவில்லை என்றாகிவிடுமே.

நாற்காலிகள் நகர்ந்தன. குடைகள் விரிந்தன.
கதவருகே நின்று ஓதில் கேட்டாள்:
"அப்போ அண்டா?"
ஆகஸ்ட் விருந்தில் காட்டுப்பன்றி வேகும் அண்டா,
விளிம்பில் ஊர்ப் பெயர் பொறித்தது,
இருநூறு பேருக்குக் காணும்.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.
இரவு பதினொன்றே கால்.
எழுதிக்கொண்டிருக்கிறேன்.