முடியலை, முடியாது

காரைக்குடி ஃபேன்ஸி ஸ்டோரில்
தாளுக்கு நூறு நட்சத்திரம், பதினைந்து ரூபாய்.
ஆடியில் தொடங்கி ஒட்டிக்கொண்டிருந்தேன்,
புதுவயல் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு,
சரியான கணக்குக்கு ஒன்று.

ஐப்பசிக்குள்
கேள்வியைப் படிக்கும் முன்பே கேட்கத் தொடங்கினார்கள்:
"இதுக்கு ஸ்டார் உண்டா டீச்சர்?"
இல்லையென்றால் பேனாக்கள் மூடியபடியே.
உண்டென்றால் இருப்பதிலேயே எளியதைப் பொறுக்கினார்கள்.
சோலைமுத்து ஒரே கூட்டலை இடம் மாற்றி மாற்றி எழுதி
ஏழு நட்சத்திரம் வாங்கினான்.
நான்தான் கொடுத்தேன்.

அடைக்கலராணி நோட்டில் ஒன்றுகூட இல்லை.
தேர்வுத்தாளில் பெயர், வகுப்பு, தேதி,
தேதிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
அதற்கப்புறம் வெள்ளை.

ஒரு மழை நாள். கரண்ட் இல்லை. பாதி வகுப்பு வரவில்லை.
ரைஸ்மில்லில் அவிந்த நெல்லின் வாசம்
ஈரத்தோடு ஜன்னலேறி வந்தது.
பள்ளிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் வீட்டைப்
பலகையில் வரைந்தேன்.
மாசத்துக்கு ஒருநாள் அதைக் கூட்டப் போவது
ராணியின் அம்மா, கூடவே ராணி.
எங்கிருந்து எங்கே கதவு என்று அவளைத்தான் கேட்டேன்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு,
இல்லை டீச்சர், அங்கே ஒன்று விட்டுட்டீங்க.

"எல்லாக் கதவையும் ஒரே ஒரு தடவை தாண்டி
வீட்டைச் சுற்றி முடிக்கணும். வழி இருக்கா?"
"ஸ்டார்?" என்றான் சோலைமுத்து.
"தீர்ந்துபோச்சு. விடையும் எனக்குத் தெரியாது."
முதல் வாக்கியத்துக்குக் குனிந்த தலைகள்
இரண்டாவதுக்கு நிமிர்ந்தன.

மறுநாள் மைதானத்தில் சாக்பீஸ் வீடு.
பர்வீன் நடந்தாள், மாட்டிக்கொண்டாள், அழித்தாள்.
சோலைமுத்து சுவரைத் தாண்டிக் குதித்து
வழி கண்டுபிடித்துவிட்டதாகக் கத்தினான்.
தலைமையாசிரியர் ஜன்னலிலிருந்து கேட்டார்,
"சிலபஸ் எங்கே நிற்குது?"
நெல்லிக்காயைக் கடித்தவள் போல் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் ராணி வந்தாள்.
"முடியாது டீச்சர்."
"முடியலையா, முடியாதா?"
"ரெண்டும் ஒண்ணுதானே" என்றது பின் பெஞ்சு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடத்துக்குப் போய்விட்டாள்.
அன்று நானும் தூங்கவில்லை,
சிலிண்டர் ரசீதின் பின்பக்கம் கதவுகளாய் நிறைந்தது.

வெள்ளிக்கிழமை, பெல் அடித்த பிறகு:
"மூணு கதவு ரூமுக்குள்ள போறேன், வெளிய வர்றேன்,
திரும்பப் போறேன். அவ்வளவுதான், உள்ளயே நிக்கணும்.
இல்லாட்டி அங்கேயிருந்து கிளம்பியிருக்கணும்.
இந்த வீட்டில அப்படி ரூம் நாலு.
கிளம்ப ஒண்ணு, நிக்க ஒண்ணு.
மிச்சம் ரெண்டை என்ன பண்றது?"

மூச்சு வாங்கினாள்.
"முடியலை இல்லை டீச்சர். முடியாது."

அவள் கையில் ஒட்ட என்னிடம் எதுவும் இல்லை.
அவள் பார்த்ததும் என் கையை அல்ல,
பலகையைத்தான்.

இன்று அரையாண்டுத் தாள்கள் திருத்துகிறேன்.
சோலைமுத்து முப்பத்தொன்று. பர்வீன் எழுபது.
அடைக்கலராணி: பெயர், வகுப்பு, தேதி, கோடு.
ஐந்தாம் கேள்வியில் இரண்டு வரி சரி,
மூன்றாவதில் கழித்தல் குறி தவறிவிட்டது,
நாலு அடித்தல்,
அதன் கீழே சின்ன எழுத்தில்
'முடியலை'.

இதற்கு எத்தனை மதிப்பெண் என்று
விடைக்குறிப்பில் தேடிக்கொண்டிருக்கிறேன்.