பில் இல்லாத குளிமுறி

பாறசாலை தாண்டி உள்ரோட்டில்
மூன்றே நாளில்
ஒரு வீட்டைத் தின்று முடித்திருந்தது மஞ்சள் இயந்திரம்.
மிச்சமெல்லாம் இரும்புத் தொட்டியில்.
தொட்டி நிறைந்தால் லாரி வரும்,
லாரி வந்தால் எங்கேயோ ஒரு குளம் குறையும்.
அதற்கு முன்னால் நான் போயாக வேண்டும்.

அனில்தாஸ் பொருளை விற்பதில்லை,
நேரத்தை விற்பான்.
"மூணு தொட்டு ஆறு வரை, சேச்சி. ஐந்நூறு."
எடுப்பதற்குக் கணக்கில்லை,
முதுகு தாங்குவதுதான் கணக்கு.

தொட்டிக்குள் வீடு தலைகீழாக இருக்கும்.
முதலில் இடித்த கூரை அடியில்,
கடைசியில் தோண்டிய அஸ்திவாரம் மேலே.
வெட்டுகல்லில் கால் ஊன்றி
சுவர் வழியாக
ஓட்டுக்கு இறங்கினேன்.

ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் போதும்.
நல்லது மணியாகப் பேசும்,
விரிசல் கண்டது "டப்" என்று பொய் சொல்லும்.
நாற்பத்தாறு ஓடு பேசியது.
தரைக்கல் பதினொன்று, ஒன்றுக்கொன்று நிறம் சேராது.
விளிம்பு போன ஒரு வாஷ்பேசின்.
நீலக் கண்ணாடி வைத்த வென்டிலேட்டர்,
இரண்டடிக்கு ஒன்று,
ஒரு கீறல்கூட இல்லாமல்
சாக்குக்கு அடியில் படுத்திருந்தது.

பிறகு அந்தக் கதவு.
அயனி நிலையோடு பெயர்ந்து வந்திருந்தது,
உள்தாழ் போட்டபடி.
உள்ளே நின்று தாழிட்டவர்
எந்த வழியாக வெளியே போனார் என்று
இரண்டு நிமிடம் யோசித்துவிட்டேன்.
ஐந்து ரூபாய் நட்டம்.
தேங்காய் எண்ணெய் விட்டு, கல்லால் நாலு தட்டு.
திறந்தது.

நாலு வருடம் பிளக்ஸ் தட்டிக்குப் பின்னால் குளித்தவள் நான்.
பிளக்ஸில் தோற்றுப்போன ஒரு வேட்பாளர்
கை கூப்பிச் சிரித்துக்கொண்டே இருப்பார்.
விடியற்காலம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள்
நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கடப்பார்கள்.
அணைக்காதவனும் ஒருத்தன் உண்டு.

களியக்காவிளையில் டார்ச் வெளிச்சம் குறுக்கே விழுந்தது.
"போன வாரம் கோழிக் கழிவு.
அதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி ஊசி.
இன்னைக்கு நீயா?
கேரளாக் குப்பையைக் கொட்ட
எங்க ஊருதான் கிடைச்சுதா? திருப்பு வண்டியை."
ஆமோஸ் ஸ்டியரிங்கைத் துடைத்தான்,
அதில்தான் அழுக்கு என்பது போல.

"குப்பை இல்ல சார். குளிமுறி."
"எங்க?"

அவர் கேட்டது நியாயம்தான்.
இறங்கினேன். இறக்கினேன்.
பதினோரு கல்லையும் ரோட்டோரம் பரப்பினேன்.
டெம்போவின் பின்பக்கம் ஒரு சுவர்.
வாஷ்பேசினை ஸ்டெப்னி டயரின் மேல் வைத்தேன்.
ஆமோஸ் நிலையைத் தோளில் தாங்கிக்கொண்டான்.
வென்டிலேட்டருக்கு இடம் இல்லை,
கையில் வைத்துக்கொண்டேன்.
பின்னால் திருவனந்தபுரம் பஸ் ஒன்று
ஹாரனை விடவே இல்லை.

நான் உள்ளே போனேன்.
கதவைச் சாத்தினேன்.
தாழ் போட்டேன்.
"இப்பம் சொல்லுங்க சார்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பஸ்கூட நிறுத்திக்கொண்டது.
நீலக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம்
அங்குமிங்கும் நடந்தது.

பிறகு அவர் கதவைத் தட்டினார்.

இரண்டு தட்டு, மெதுவாக,
உள்ளே ஆள் இருக்கும் இடத்தில் தட்டுவது மாதிரி.
தட்டிவிட்டுத்தான் கேட்டார்:
"பில்லு இருக்கா?"

இல்லை என்றேன், கதவைத் திறக்காமலே.

அவரும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம், மார்த்தாண்டம் பக்கம்.
வென்டிலேட்டரை மட்டும்
இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

குளிமுறி எழும்பிவிட்டது.
வேட்பாளரை மடித்து விறகுக்கு மேல் போட்டாயிற்று,
மழைக்கு ஆகும்.
மேற்குச் சுவரில், தலைக்கு மேலே,
இரண்டடிக்கு ஒன்று
ஓட்டை விட்டுத்தான் பூசியிருக்கிறேன்.

அனில்தாஸ் நேற்று போன் செய்தான்.
உதியன்குளங்கரையில் ஒரு மாடி வீடாம்,
திங்கட்கிழமை இடிக்கிறார்களாம்.